ஏழாண்டுப் போர்: தை மாதத்து நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025

கொஞ்ச நாளாக ஏழாண்டுப் போரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஆதங்கம்தான் மிஞ்சுகிறது. இந்தப் போரை நமக்குக் கூறு போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் கர்நாடகப் போர் ஒரு பாடம், பிளாசி இன்னொரு பாடம், பிரஷ்யாவின் பிரடெரிக் மன்னர் எங்கோ ஐரோப்பிய வரலாற்றில். எல்லாமே ஒரே போர். 1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரஷ்யாவும் ஒரு பக்கம். பிரான்ஸ், ஆஸ்திரியா, ரஷ்யா, ஸ்வீடன், கடைசி நேரத்தில் ஸ்பெயின் மறுபக்கம். கியூபெக், ஹவானா, செனகல், வந்தவாசி, மணிலா என்று ஐந்து இடங்களைச் சொன்னாலே அதன் அகலம் புரியும்.

அதற்கு முந்தைய போர் முடிந்த விதத்தைப் பாருங்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748 உடன்படிக்கையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கனடாக் கரையில் ஆங்கிலேயர் கையில் இருந்த லூயிபூர் கோட்டையை வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் தறி போட்டுப் பிழைத்த ஒருவருக்குத் தன் ஊர் எந்த ஊருக்கு ஈடாகக் கைமாறியது என்று தெரிந்திருக்குமா?

ஜனவரி 13, போகி

அணிகள் சேர்ந்த கதையைச் சுருக்கமாகக் குறித்துவைக்கிறேன். 1740-இல் ஆஸ்திரியாவின் மரியா தெரசா பட்டத்துக்கு வந்த கையோடு, வளமான சைலீசியா மாகாணத்தைப் பிரடெரிக் பறித்துக்கொண்டார். மரியா தெரசாவுக்குக் கடைசிவரை அதை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. அவருடைய அமைச்சர் கவுனிட்ஸ், பரம்பரைப் பகையாளியான பிரான்சையே நண்பனாக்கினார். பிரிட்டனின் மன்னருக்கு ஜெர்மனியில் ஹனோவர் என்ற சொந்த நாடு இருந்தது. அதைக் காக்க அவர் 1756 ஜனவரியில் பிரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டார். மே மாதம் பிரான்சும் ஆஸ்திரியாவும் கையெழுத்திட்டன. ஆகஸ்டில் பிரடெரிக் பக்கத்து ஜெர்மன் நாடான சாக்சனிக்குள் படையோடு நுழைந்தார்.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு வருடம் முன்பே துப்பாக்கி வெடித்துவிட்டது. 1754 மே மாதம், ஓஹியோ பள்ளத்தாக்கு யாருக்கு என்ற தகராறில், பிரெஞ்சுக்காரர்கள் மேல் சுட்ட ஆங்கிலக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜனவரி 16, காணும் பொங்கல், புதுச்சேரி

கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. 1761-இல் இதே தேதியில் இந்த ஊர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நாம் ரசிக்கும் வெள்ளை நகரம் அப்போது இருந்ததல்ல. ஆங்கிலேயர் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தள்ளினார்கள். இப்போது நிற்பது பிற்பாடு எழுப்பியது.

முற்றுகையைப் பற்றி ஒன்றை எழுதியே ஆகவேண்டும். 1760 நவம்பர் கடைசி. உள்ளே தானியம் தீர்ந்துகொண்டே வருகிறது. படைவீரர்களுக்குச் சோறு வேண்டும் என்பதற்காக, பிரெஞ்சுத் தளபதி லாலி ஊர்மக்கள் ஏறக்குறைய 1,400 பேரை வெளியே துரத்தினார். ஆண், பெண், கிழம், குழந்தை எல்லோரும். வெளியே வந்தவர்களை ஆங்கிலக் காவல்படை தாண்டிப் போக விடவில்லை. திரும்பிவந்து கோட்டை அடிவாரத்தில் நின்று கெஞ்சியபோது உள்ளேயிருந்து சுட்டார்கள், சிலர் செத்தார்கள். எட்டு நாள் இரண்டு படைகளுக்கும் நடுவே புல் வேரைத் தோண்டித் தின்றுகொண்டு அலைந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வழிவிட்டார். கும்பினியின் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்த 1,400 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. தளபதிகளின் பெயர்களோ பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம்.

உள்ளே இருந்தவர்கள் யானை, குதிரை, ஒட்டகம் எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள். ஒரு நாய் 24 ரூபாய்க்கு விலைபோனது. புத்தாண்டு அன்று அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின. ஊரில் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது. சில நாளிலேயே மற்ற கப்பல்கள் மறுபடி வந்து வாசலை அடைத்துவிட்டன. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் இதே 1761 ஜனவரியில்தான்.

ஜனவரி 19

பிரெஞ்சுக் கப்பற்படை ஏன் வரவில்லை? என்னைக் கேட்டால் இந்தப் போரின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

1758 ஏப்ரலில் வந்து இறங்கிய லாலி, ஜூன் தொடக்கத்திலேயே கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்து சென்னை என்றால் கையில் காசில்லை. பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டித் தஞ்சாவூர் ராஜாவிடம் பணம் பறிக்கப் புறப்பட்டார். வழியில் கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு அங்கிருந்த பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். தஞ்சாவூரும் மசியவில்லை. டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டபோது, ஆங்கிலேயரின் சிப்பாய்த் தளபதி யூசுப்கான் தன் படையோடு வெளியிலிருந்து அவருக்கு வரும் உணவையும் ஆட்களையும் மறித்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தலைகாட்டியதும் முற்றுகை கலைந்தது.

இந்தக் கரையில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மூன்று முறை மோதின. 1759 செப்டம்பர் மோதலுக்குப் பிறகு பிரெஞ்சுத் தளபதி தாஷே மொரீஷியஸ் போனவர் திரும்பவே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பிரான்சின் சொந்தக் கரையான கிபரோன் விரிகுடாவில் அவர்கள் கப்பற்படை நொறுங்கியது. கடல் கைவிட்டுப்போனால் கனடாவுக்கும் உதவி இல்லை, புதுச்சேரிக்கும் இல்லை. சம்பள பாக்கிக்காக பிரெஞ்சு வீரர்களே 1759 அக்டோபரில் கலகம் செய்தார்கள்.

லாலியை 1766-இல் பாரிஸில், வாயை அடைத்து இழுத்துவந்து தலையை வெட்டினார்கள். குற்றச்சாட்டு, நாட்டுக்குத் துரோகம். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அவருக்காகப் பேனா பிடித்தார். கீவளூரில் செய்த கொடுமைக்காக லாலியை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் அவர் துரோகி இல்லை. காசும் கப்பலும் அனுப்பாதவர்கள் தங்கள் பழியை அவர் தலையில் கட்டினார்கள்.

ஜனவரி 22, வந்தவாசி

சண்டை நடந்து 265 வருடம். இரு பக்கமும் தலா ஏறக்குறைய இரண்டாயிரம் ஐரோப்பியர்கள், கூடவே நம் ஊர்ச் சிப்பாய்கள். ஒரு குளக்கரையை அரணாக்கி பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கி நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் ஆங்கிலக் குண்டு விழுந்து வெடித்தது. அந்தக் குழப்பத்தில் ஆங்கிலேயர் குளக்கரையைப் பிடித்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. இன்று அந்த மண்ணில் நடந்தபோது பெரிதாகச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 10

1763-இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தான நாள். பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்தது. சர்க்கரை விளையும் கரீபியத் தீவான குவாதலூப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டது. புதுச்சேரியும் திரும்பக் கிடைத்தது, இடிபாடுகளாக. ஐந்து நாள் கழித்து ஜெர்மனியிலும் சமாதானம். சைலீசியா பிரடெரிக்கிடமே தங்கியது. அதற்காகத்தான் ஏழு வருடம்.

மணிலாவைப் பிடித்த படை 1762-இல் சென்னையிலிருந்துதான் கப்பல் ஏறியது. அதில் சென்னைச் சிப்பாய்களும் உண்டு. சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவுக்குப் பக்கத்தில் கயின்டாவில் தங்கிவிட்டதாக அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

பிரிட்டனின் கடன் ஏறக்குறைய 7.5 கோடி பவுனிலிருந்து 13 கோடிக்கு மேல் போனது. அந்த நெருக்கடியில், அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவுக்காக அமெரிக்கர்கள் மேல் முத்திரை வரி போட்டார்கள், அவர்கள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். இங்கே கர்நாடக நவாப் முகமது அலி கும்பினிக்குப் போர்க் கடன்பட்டு, 1763-இல் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக எழுதிக்கொடுத்தார். அதன்பின் அந்தக் கிராமங்களின் விளைச்சலில் அரசுப் பங்கு கும்பினிக்குச் சேர்ந்தது.