ரிட்ஜ் காட்டுக் கோபுரம்

ஃபிளாக்ஸ்டாஃப் டவரைச் சுற்றி இன்று காலை பத்துப் பேர் கையைத் தூக்கி 'ஹா ஹா' என்று சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். படியில் குரங்குகள்.

டெல்லி வடக்கு ரிட்ஜ். 1857 மே 11, சிப்பாய்க் கலகம் டெல்லிக்குள் புகுந்த நாள், அக்னி நட்சத்திர வெயில். நகரத்திலிருந்து தப்பி வந்த ஆங்கிலேயப் பெண்களும் பிள்ளைகளும் இந்தச் சின்ன வட்டக் கட்டடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, மீரட்டிலிருந்து படை வரும் வரும் என்று பார்த்திருந்தார்கள்.

வரவில்லை. சாயங்காலம் கர்னால் பக்கம் ஓடினார்கள்.

ஜூனில் வந்த ஆங்கிலேயப் படை இதே மேட்டில் உட்கார்ந்து செப்டம்பரில் நகரத்தைப் பிடித்தது. அப்புறம் உள்ளே நடந்தது பழிவாங்கல், வேறென்ன சொல்ல.

அன்றைக்கு இங்கே இத்தனை காடு கிடையாது. பழைய புகைப்படங்களில் ஏறக்குறைய மொட்டைப் பாறைதான். போரை மறைத்து நிற்கும் இந்தப் பச்சையையும் பின்னாளில் வெள்ளைக்காரர்களே நட்டு வளர்த்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் அக்கா மகனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "மாமா, இது சீமைக் கருவேலம்! ஊர்ல வேரோட பிடுங்கச் சொல்லி கோர்ட்டே உத்தரவு போட்டுச்சு, இங்க வேலி போட்டுக் காப்பாத்துறாங்களா?"