அந்த ரெண்டாவது ரவுண்ட்

17 டிசம்பர் 2025, புதன், கல்லடி, மட்டக்களப்பு

காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன், தம்பி ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் டெரன்ஸ் குரோஃபோர்ட் ஓய்வு பெறுகிறாராம். செப்டம்பர் 13ஆம் திகதி லாஸ் வேகாஸில் இரண்டு எடைப்பிரிவு தாண்டி மேலே போய் கனேலோ அல்வாரெஸை வென்றவர், அந்தச் சண்டையைப் பார்க்கவென்றே நாங்கள் இருவரும் அன்று காலை ஒரு வேலைக்கும் போகாமல் வீட்டில் இருந்தோம், மூன்று மாதம்தான் ஆகிறது. 42 சண்டை, 42 வெற்றி, அதில் 31 நொக்அவுட். வயது 38. இன்னும் ஒரு சண்டை போட்டால் எவ்வளவு காசு வரும் என்று அவருக்குத் தெரியாதா? தோற்கவும் இல்லை, யாரும் துரத்தவும் இல்லை, ஏன் விடவேண்டும், எனக்கு விளங்கவில்லை என்றேன்.

"எனக்கு விளங்குது அண்ணா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டான்.

19 டிசம்பர், வெள்ளி

தானும் விடப்போகிறானாம்.

இரவு சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். அம்மா ஒன்றும் பேசாமல் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினா. நான்தான் கத்தினேன். 26 வயது, 60 கிலோ பிரிவில் மூன்று வருடம் தொடர்ந்து மாகாணச் சம்பியன், ஒக்டோபரில்தான் மூன்றாவது பதக்கம் கழுத்தில் விழுந்தது. இங்கே இருந்துகொண்டு இவ்வளவு தூரம் வருவது லேசான காரியமா? கொழும்பில் மேலே வருகிற பெடியன்களில் நிறையப் பேர் இராணுவம், பொலிஸ் அணிகளில் இருப்பவர்கள், அவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி. இவன் பகல் முழுக்க எஞ்சின் கழற்றிவிட்டு, கையில் ஒயில் மணக்க வந்து, தகரக் கூரை போட்ட மண்டபத்தில் இரவு எட்டு மணி வரைக்கும் குத்துகிறவன். டித்வா புயல் மழையில் அந்த மண்டபத்து விரிப்பெல்லாம் ஊறி இன்னும் சரியாகக் காயவில்லை, அதில் நின்றும் போன கிழமை பயிற்சி செய்தோம்.

ஒன்பது வருடம் அவன் குத்திப் பழகக் கையில் பேட் பிடித்தவன் நான். பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங் செய்ய ஆள் இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், எதிரே நின்று அடித்தவனும் வாங்கியவனும் நான்தான். என்னிடம் முதலில் சொல்லவில்லையே என்ற கோபமும் இருந்தது, அதை இங்கே மறைக்க மாட்டேன்.

21 டிசம்பர், ஞாயிறு

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. நித்திரை வராமல் ஃபோனில் பாரம் கூடிய ஹெவிவெயிட் பிரிவின் பழைய சம்பியன் ரொக்கி மார்சியானோவைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். 49 சண்டை, ஒன்றும் தோற்கவில்லை. 1955 செப்டம்பர் 21 நியூயோர்க் யாங்கி மைதானத்தில் ஆர்ச்சி மூர் இரண்டாவது ரவுண்டிலேயே அவரை விழுத்தினார், எழும்பி நின்று ஒன்பதாவது ரவுண்டில் மூரை முடித்தார், அதுதான் கடைசி. 1956 ஏப்ரல் 27 ஓய்வு, வயது 32. முதுகு நோவு, குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் முகாமில் கிடப்பது, மனேஜரோடு காசுப் பிரச்சினை, இப்படிப் பல காரணம் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்கு மனதில் நின்றது அதற்கு ஐந்து வருடம் முந்திய ஒரு சண்டை. ஜோ லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்துவிட்டு 1949இல் சம்பியனாகவே விலகியவர். விலகியவரை வரிக்கடன் மறுபடியும் வளையத்துக்குள் இழுத்தது. 1950இல் எசார்ட் சார்ல்ஸிடம் தோல்வி, 1951 ஒக்டோபரில் எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். விழுத்தியது மார்சியானோ. லூயிஸை நினைத்து வளர்ந்த பெடியன், அவரை அந்த நிலையில் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவன். உடை மாற்றும் அறையில் அழுதார் என்று சொல்கிறார்கள். 1959இல் மார்சியானோவுக்கும் திரும்பி வருகிற ஆசை எழும்பியிருக்கிறது, ஒரு மாதம் போலப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த ஒரு மாதத்தில் லூயிஸின் முகம் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்.

24 டிசம்பர், புதன்

சொல்லிவிட்டான். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பின்னேரம் மழை விட்டது, பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனோம். ஓட்டம் இல்லை, நடைதான். வாவி தண்ணீர் மண் நிறத்தில் ஓடியது, ஒருவர் பாலத்துக் கைபிடியில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி சட்டைப் பையில் இருந்து பேண்டேஜை எடுத்தான், கையில் சுற்றுகிற அந்த நீளத்துணி, எங்கே போனாலும் கொண்டு போவான், அவனுக்கு அது பழக்கம். பெருவிரலில் வளையத்தைப் போட்டு, மணிக்கட்டில் மூன்று சுற்று, பிறகு உள்ளங்கை, பிறகு விரல் இடுக்குகள் என்று பேசிக்கொண்டே சுற்றினான். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வந்ததும் நின்றுவிட்டது. அடுத்தது எந்தப் பக்கம் என்று துணியைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆயிரம் தடவை சுற்றிய கை. ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு நெடுநேரம் போல இருந்தது. பிறகு மெதுவாகக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தான்.

"ஒக்டோபர் பைனல்ல ரெண்டாவது ரவுண்ட் எனக்கு ஞாபகமே இல்ல அண்ணா. முதலாவது முடிஞ்சு ஸ்டூல்ல இருந்தது தெரியும். மறுகா ரெஃப்ரி என்ர கையத் தூக்கினது தெரியும். நடுவில ஒண்டும் இல்ல."

யாரிடமும் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகத் தலையிடி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசியிருக்கிறது, கராஜில் ஒரே நட்டை இரண்டு தடவை இறுக்கப் போயிருக்கிறான். அந்த இரண்டு கிழமையும் நான் அவனோடு ஸ்பாரிங் செய்தேன்.

26 டிசம்பர், வெள்ளி

நாவலடியில் விளக்கு வைத்துவிட்டு வந்தோம். சுனாமி நடந்து 21 வருடம். இன்று வீட்டில் யாரும் சண்டையைப் பற்றிப் பேசவில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

பைனல் வீடியோ என் ஃபோனில்தான் இருக்கிறது, நானே எடுத்தது. வந்தவர்களுக்கெல்லாம் பத்துத் தடவையாவது போட்டுக் காட்டியிருப்பேன். இன்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் அதில் முழுக்க என் கத்தல்தான். இரண்டாவது ரவுண்ட் தொடங்கி 40 செக்கன் போலப் போகையில் இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே வருகிறார்கள், மற்றப் பெடியனின் நெற்றி தம்பியின் கன்னப்பொறியில் முட்டுகிறது. தம்பி விழவில்லை. வலது கால் மட்டும் ஒரு அடி தப்பி வைக்கிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அடித்த அடிகள்தான் அந்தச் சண்டையை வென்றது, அழகான அடிகள், உடம்பு தானாகவே ஆடியிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.

ஜீன் டனி என்ற ஹெவிவெயிட் சம்பியனைப் பற்றி முந்தி எனக்குத் தெரிந்தது ஜாக் டெம்ப்சியை இரண்டு தடவை வென்றவர் என்பதும், 1927இல் சிக்காகோவில், விழுந்த டனிக்கு ரெஃப்ரி பிந்தி எண்ணத் தொடங்கிய அந்த 'நீண்ட எண்ணிக்கை' சண்டையும்தான். இப்போதுதான் மற்றதை வாசித்தேன். அந்த 1927 சண்டைக்கான பயிற்சியில் தலையில் பட்டு அவருக்கு இரண்டு நாள் போல ஞாபகம் தப்பியிருக்கிறது. போய்ச் சண்டை பிடித்தார், வென்றார், அடுத்த வருடம் டொம் ஹீனியையும் வென்றுவிட்டு 1928இல் சம்பியனாகவே விலகினார். ஊர் முழுக்க அவர் பணக்கார வீட்டில் கலியாணம் கட்டப்போவதைப் பேசியது. அதே 1928இல்தான் ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர், குத்துச்சண்டைக்காரர்களுக்கு மூளையில் வருகிற பாதிப்பைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்.

பயிற்சியில் பட்ட அடி. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சண்டையில் பார்க்கிற சனத்துக்கு வெற்றியும் தோல்வியும் தெரியும், வருடம் நாலு சண்டை, ஒவ்வொன்றும் மூன்று ரவுண்ட், ஒன்பது நிமிடம். மண்டபத்தில் கிழமைக்கு மூன்று நாள், ஒன்பது வருடம் நான் அடித்ததை யார் எண்ணினார்கள்? பெரிய 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்டால் நோகாது என்று நம்பினேன். அந்தப் பஞ்சு கையைத்தான் காக்கும், தலை குலுங்குவதை நிறுத்தாது. தலைக்கவசமும் அப்படித்தான், கிழிவதைக் குறைக்கும். 2013இல் ஆண்களுக்கு அதைக் கழற்றிவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள்.

முகமது அலியைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நேற்று வரைக்கும் "அலி விட்டுப் போனவரா?" என்று தம்பியிடம் கேட்டவன் நான். ஃபெர்டி பசெகோ என்கிற அவரது வைத்தியர், 1977இல் ஏர்னி ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு நிறுத்தச் சொல்லியும் கேட்காததால் அணியை விட்டே போனார். 1979இல் அலி ஓய்வை அறிவித்தார், 1980 ஒக்டோபர் 2 திரும்பி வந்தார். குரோஃபோர்டின் இதே 38 வயது. எதிரே நின்றது லாரி ஹோம்ஸ், முந்தி அலியின் ஸ்பாரிங் ஆளாகவே இருந்தவர். பத்து ரவுண்ட் அடி வாங்கிய பிறகு அலியின் பக்கத்தினரே நிறுத்தினார்கள். ஹோம்ஸ் வென்றுவிட்டு அழுதார். 1984இல் அலிக்குப் பார்கின்சன் என்கிற நடுக்க நோய் என்று சொன்னார்கள். ஹோம்ஸின் இடத்தில் நின்று யோசிக்க எனக்குக் கஷ்டமாக இல்லை. அவருக்கு அது ஒரு இரவு.

29 டிசம்பர், திங்கள்

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ அடிச்சதாலதான் நான் வெண்டன்" என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

2 ஜனவரி 2026, வெள்ளி

மண்டபத்தில் பயிற்சி தருகிற சேரிடம் போய்ச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம், திட்டவில்லை. கதிரையில் இருந்து முழுக்கக் கேட்டார், பிறகு தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து லைட்டுப் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். "இன்னொருக்கா வெண்டிருந்தா நீ சொல்லியிருக்க மாட்டாய்" என்றார். தம்பி தலையாட்டினான். அங்கேதான் எனக்கு அந்த விசயம் முழுதாகப் பிடிபட்டது. அடுத்த முறை தோற்றிருந்தால் தோல்வியைத் தீர்க்கவென்று இன்னொரு சண்டைக்கு நிற்பான், வென்றிருந்தால் தேசிய மட்டம் என்று நான் பிடித்து இழுத்திருப்பேன். இந்த இடைவெளியில் மட்டும்தான் அவன் வாயில் இருந்து அந்தச் சொல் வந்திருக்க முடியும். குரோஃபோர்டுக்கு என்ன காரணமோ, அது அவருக்குத்தான் தெரியும். 2017இல் தோல்வியே காணாமல் விலகின ஆண்ட்ரே வார்டு மட்டும் வெளிப்படையாகச் சொன்னார், உடம்பு தாங்கவில்லை, சண்டை பிடிக்கிற ஆசையும் போய்விட்டது என்று.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். தலையில் இனி அடியே படக்கூடாது என்றார்கள். அம்மா மாமாங்கம் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறா.

10 ஜனவரி, சனி

இன்று ஸ்பாரிங் மூன்று சோடி. முந்தி எட்டு. சேர் ஒத்துக்கொண்டார். முடிந்து வருகிற ஒவ்வொரு பெடியனையும் நிறுத்தி, கடைசி ரவுண்டில் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதுகிறேன். பதினாறு வயதுப் பெடியன் ஒருவன், "நான் வலதால அடிச்சன், அவன் கிறுகினான், நீங்க விசில் ஊதினீங்க, எனக்குப் பசிக்குது" என்றான். பசிக்குது என்பதையும் எழுதினேன்.

தம்பி கதவடியில் நின்றான், உள்ளே வரவில்லை. திரும்பும்போது மோட்டார் சைக்கிள் சாவியை எங்கே வைத்தேன் என்று காற்சட்டைப் பைகளைத் தட்டித் தட்டித் தேடினான். யாருக்கும் மறக்கிற சாவிதான். பின்பையில் இருந்து எடுத்துக் காட்டும்வரை நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.