பெருஞ்சிலந்திகளை அளந்து ஒப்பிட்ட அனுபவம்

பெரிய டரன்டுலாச் சிலந்திகளை வளர்ப்பவர்களின் பேச்சில் முதலில் வருவது கால் விரிவுதான். ஒரு பக்கத்து முன்காலின் நுனியிலிருந்து மறுபக்கத்துப் பின்காலின் நுனி வரை குறுக்காக எடுக்கும் நீளத்தை அப்படிச் சொல்வார்கள். லண்டனில் வசிக்கும் என் மச்சான் தான் வளர்க்கும் பெண் சிலந்தி 26 சென்ரிமீற்றர் என்றான். தென்னமெரிக்காவைச் சேர்ந்த தெரபோசா ஸ்டர்மி என்ற இனம் அது. இலங்கையில் மரப்பொந்துகளில் வாழும் டரன்டுலாக்களான நம் புலிச்சிலந்திகள் இதற்கு எவ்வளவு கிட்ட வரும் என்றும் என்னிடம் கேட்டான். கேள்வி எளிதுதான், ஆனால் ஒழுங்கான விடை சொல்வதற்கு எதை அளப்பது, எந்த நிலையில் அளப்பது என்பதை நாங்கள் இருவரும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டிலிருந்தபடி அதை எப்படிச் செய்தேன் என்பதை, இதே ஆர்வம் உள்ளவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஒன்றை நானே வாங்கி வளர்த்து அளக்கலாமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. இலங்கையில் அது நினைத்தவுடன் செய்யக்கூடிய காரியம் அன்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இந்நாட்டுக்கு உரியதல்லாத ஒரு விலங்கை உள்ளே கொண்டுவருவதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நம் புலிச்சிலந்திகள் அடங்கும் போயிசிலோதீரியா பேரினமோ உலகச் சந்தைக்காகப் பிடித்துக் கடத்தப்பட்டு நலிந்த ஒன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், அனுமதிப்பத்திரத்தோடு மட்டுமே விற்கக்கூடிய உயிர்களின் பட்டியலான இரண்டாம் பின்னிணைப்பில் அதைச் சேர்க்கும்படி இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து முன்மொழிந்தன. அந்த மாநாடு 2019 மேயில் கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்தபோது முன்மொழிவு நிறைவேறியது. இவ்வளவு பாடுபட்டுப் பாதுகாக்கப்படும் ஓர் உயிரைப் பொந்திலிருந்து இழுத்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வளர்ப்புச் சிலந்தியை மச்சான் அங்கே அளப்பது, காட்டுச் சிலந்தியை அது இருக்கும் இடத்திலேயே நான் இங்கே அளப்பது என்று பிரித்துக்கொண்டோம்.

அவன் சொன்ன 26 சென்ரிமீற்றர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததும் பாதிச் சிக்கல் அவிழ்ந்தது. சிலந்தி உரித்த சட்டையை ஈரப்படுத்தி, கால்களை இழுத்து ஊசியால் குத்தி, நுரைப்பலகையில் காயவிட்டு எடுத்த அளவு அது. சட்டையின் கால் மூட்டுகளில் இருப்பது மெல்லிய சவ்வு, நனைந்தால் அது நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு காலில் பல மூட்டுகள் இருப்பதால் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக நீளம் கூடி, உயிருள்ள சிலந்தி ஒருபோதும் எட்டாத விரிவு சட்டைக்குக் கிடைத்துவிடுகிறது. நான் கேட்டுக்கொண்டபடி அவன் அடிப்பகுதி தட்டையான தெளிந்த பெட்டி ஒன்றுக்குள் சிலந்தியை நடக்கவிட்டு, கீழே கட்டத்தாளை வைத்துப் பார்த்தபோது அது இயல்பாக நின்ற நிலையில் 21 சென்ரிமீற்றர்தான் வந்தது.

அந்த 21ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தெரபோசா தரையில் வளை தோண்டி வாழும் கனத்த சிலந்தி, நிற்கும்போது கால்களை மடக்கி உடலை உயர்த்தி வைத்திருக்கும். நம் புலிச்சிலந்தியோ மரத்தோடு மரமாகப் படுத்து, கால்களை முன்னும் பின்னும் நீட்டி ஒட்டிக்கொள்ளும். முன்னதன் இயல்பு நிலை அதன் அளவைக் குறைத்துக் காட்டும், பின்னதன் இயல்பு நிலை கூட்டிக் காட்டும். முதிர்ந்த ஆண் சிலந்தி வந்தால் கணக்கு இன்னும் குழம்பும், ஏனென்றால் சிறிய உடலும் நீண்ட கால்களும் கொண்ட ஆண், எடையில் தன்னைவிட மிகக் கூடிய பெண்ணைக் கால் விரிவில் எளிதாக வென்றுவிடும். உலகிலேயே பெரிய சிலந்தி எது என்ற பழைய வழக்கும் இதைத்தான் சுற்றிவருகிறது. 2001இல் லாவோஸிலிருந்து விவரிக்கப்பட்ட ஹெட்டரோபோடா மாக்சிமா என்ற வேட்டைச் சிலந்திக்கு 30 சென்ரிமீற்றர் கால் விரிவு சொல்லப்படுகிறது, ஆனால் அதன் உடல் 5 சென்ரிமீற்றர்கூட இல்லை. டரன்டுலா இனமே அல்லாத அதைத் தெரபோசாவின் பக்கத்தில் வைத்தால் எது பெரியது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எடையை வைத்து ஒப்பிடலாம் என்பது மச்சானின் யோசனை. நான் அதை ஏற்கவில்லை. சிலந்தியின் வயிறு இரைக்கு ஏற்பப் பெருத்துச் சிறுக்கும், கரப்பானை அள்ளிக் கொடுப்பவனின் சிலந்தி பாரத்தில் முந்திவிடும். பாரத்தைக் கூட்டுவதற்காகவே இரை கொடுக்கும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஊதிய வயிறுள்ள தெரபோசா சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து செத்துப்போகும். போட்டிக்காக ஓர் உயிரை அந்த நிலைக்குக் கொண்டுவருவது வளர்ப்பு ஆகாது.

எஞ்சியது முன்னுடலை மூடியிருக்கும் மேலோடு. கண்கள் அமைந்த சிறு மேட்டைத் தாங்கி நிற்கும் அந்தக் கடினமான ஓட்டின் நீளம், சிலந்தி பசியோடிருந்தாலும் வயிறு நிறைந்திருந்தாலும் மாறாது. சட்டை உரிக்கும்போது அது ஒரு மூடியைப் போலக் கழன்று விழும், நனைத்தாலும் இழுபடாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: சட்டையிலுள்ள ஓடு சிலந்தியின் பழைய அளவு, புதுச் சட்டையோடு நிற்கும் சிலந்தி அதைவிடச் சற்றுப் பெரியது. இரு பக்கமும் சட்டையையே அளந்தால் அந்த வேறுபாடு இருவருக்கும் பொதுவாகிவிடும். தெரபோசாவின் சட்டையைத் தொடுபவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிவது நல்லது. அதன் வயிற்றிலிருக்கும் அரிப்பு மயிர்கள் உரித்த சட்டையிலும் ஒட்டியிருக்கும், கண்ணிலோ மூக்கிலோ பட்டால் பெருந்துன்பம்.

என் பக்கத்து வேலைக்குச் சிலாபத்துக்கு அருகே முன்னேச்சரத்தில் மாமாவுக்கு இருக்கும் தென்னந்தோட்டம் உதவியது. குருநாகல், சிலாபம் பக்கத்துத் தோட்டங்களில் போயிசிலோதீரியா ஃபாசியாட்டா என்ற இனம் வாழ்கிறது. புறப்படுவதற்கு முன் காலி வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் ஒளிபுகும் தாளில் சென்ரிமீற்றர் கட்டங்களை அச்சிட்டுக்கொண்டேன். கடையில் வேலைசெய்த தம்பி தாளுக்குப் பொருந்தும்படி தானாகச் சுருக்கும் தெரிவை நிறுத்திவிட்டு அச்சிட்டுத் தந்தார், நானும் உருக்கு அடிமட்டத்தை மேலே வைத்துச் சரிபார்த்த பிறகே காசு கொடுத்தேன். இந்தச் சரிபார்ப்பு இல்லாத கட்டத்தாளை நம்பவே கூடாது. கூடவே பள்ளிக்கூடக் காலத்து வேணியர் இடுக்கிமானியையும் சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச்சையும் எடுத்துக்கொண்டேன்.

இருட்டிய பிறகு, பட்டுப்போன ஒரு பலாமரத்தின் பொந்து வாயில் சிலந்தி வெளியே வந்து படுத்திருந்தது. சாம்பல் நிறத்தில் மரப்பட்டையின் கோலமெல்லாம் முதுகில் இருந்ததால், டோர்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்வரை அது சிலந்தி என்றே தெரியவில்லை. "தம்பி, கிட்டப் போகாதை, கடிச்சால் உடம்பெல்லாம் பிடிச்சு இழுக்கும்" என்றார் மாமா. அவர் சொன்னது சரிதான், இந்த இனத்தின் கடி கடும் தசைப்பிடிப்பைத் தரும் என்பது மருத்துவ அறிக்கைகளில் பதிவானது. கட்டத்தாளை ஒரு நீண்ட குச்சியின் நுனியில் பொருத்தி, சிலந்தி படுத்திருந்த அதே தளத்தில் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று நேர் எதிரே படமெடுத்தேன். அளவுகோல் சிலந்தியைவிட முன்னாலோ பின்னாலோ இருந்தாலும், போன் மிகக் கிட்ட இருந்தாலும், படத்திலிருந்து பெறும் எண் பிழையாகிவிடும். சமூக வலைத்தளங்களில் பரவும் பல பயங்கரப் படங்களில் சிலந்தி கமராவுக்கு அருகிலும் மனிதக் கை பின்னாலும் இருப்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

பொந்தின் அடியில் உமியும் இலைச்சருகும் கலந்த குப்பையில் பழைய சட்டை ஒன்று கிடந்தது. காலையில் சிலந்தி உள்ளே ஒடுங்கிய பிறகு சட்டையின் மேலோட்டை அங்கேயே இடுக்கிமானியால் அளந்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். 22 மில்லிமீற்றர் இருந்தது. படத்தின்படி கால் விரிவு 16 சென்ரிமீற்றர். மச்சானின் ஸ்டர்மியுடைய சட்டையில் மேலோடு 33 மில்லிமீற்றர். மேலோட்டில் நம் சிலந்தி அதன் மூன்றில் இரண்டு பங்கு, உயிரோடு அளந்த கால் விரிவில் நான்கில் மூன்று பங்கு. இழுத்துக் காயவைத்த சட்டையின் 26ஐ நம்பியிருந்தால் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்திருக்கும்.

இதே கண்ணோடு பழைய பதிவுகளைப் படித்தபோது பலவற்றை மறுபடி எடைபோட வேண்டியிருந்தது. 2009இல் வன்னியிலுள்ள மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2012இல் ராஜே என்ற இனப்பெயரோடு விவரிக்கப்பட்ட புலிச்சிலந்தியை, ஆய்வாளர்களுக்குத் துணைசென்ற காவல்துறை அதிகாரி ராஜகுமார் புராஜாவைக் கௌரவிக்கும் வகையில் பெயரிட்டார்கள். அது கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் கால் விரிவுடையது, உலகச் செய்திகள் அதை மனித முகத்தளவு என்று எழுதின. வன்னிக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த அந்தச் சிலந்தியை நினைத்து எனக்குப் பெருமைதான், ஆனால் முகத்தளவு என்பது எந்த ஒப்பீட்டுக்கும் உதவாத அளவு. தெரபோசாப் பதிவுகளிலும் சிக்கல் உண்டு. ஸ்டர்மி தனி இனமாக விவரிக்கப்பட்டது 2010இல்தான், அதற்கு முன் அவற்றில் பல தெரபோசாவின் இன்னோர் இனமான புளோண்டியின் பெயரிலேயே விற்பனையாகின. ஆகவே பழைய வளர்ப்பாளர்கள் புளோண்டிக்குச் சொன்ன அளவுகளில் எத்தனை ஸ்டர்மிக்கு உரியவை என்று பிரிக்க வழியில்லை. முழங்கால் கணுவில் மயிர் அடர்ந்திருந்தால் புளோண்டி, வழுவழுப்பாக இருந்தால் ஸ்டர்மி என்று மச்சான் இப்போது படத்தில் காட்டித் தருகிறான்.

இப்போது நாங்கள் பரிமாறும் ஒவ்வொரு பதிவிலும் இனம், பால், மேலோட்டின் நீளம், அது சட்டையிலா உயிருள்ள சிலந்தியிலா எடுத்தது, கால் விரிவு, நின்ற நிலை ஆகிய அனைத்தும் இருக்கும். அவனுடைய சிலந்தி அடுத்த சட்டையை உரித்ததும் மேலோடு எவ்வளவு கூடியிருக்கிறது என்று அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். சிங்கராஜா போன்ற தென்மேற்கு ஈரக்காடுகளில் வாழும், நம் புலிச்சிலந்திகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான ஓர்னாட்டா இனத்தை அளப்பதற்குத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை ஓர் ஆசிரியரின் மேற்பார்வையோடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.