எந்தத் திருகில் இருக்கிறது யுரேனியம்?

ஒரு கிலோ செம்பில் 1 மைக்ரோகிராம் யுரேனியம்-238 கலந்திருந்தால், நாளொன்றுக்குச் சுமார் 1,070 யுரேனியம் அணுக்கள் சிதையும். ஆண்டுக்கு ஓரிரு அரிய துகள் நிகழ்வுகளுக்காக நிலத்தடியில் காத்திருக்கும் டிடெக்டருக்கு இது பெருவெள்ளம். அதனால்தான் கருவியைக் கட்டும் முன்பே, எந்தப் பாகத்திலிருந்து எவ்வளவு பின்னணி, அதாவது தேடும் நிகழ்வை மறைக்கும் வேண்டாத கதிர்வீச்சு, வரும் என்று ஜியான்ட்4 என்ற துகள் சிமுலேஷன் நிரலில் ஓட்டிப் பார்க்கிறோம். இதில் இயற்பியல் மாதிரிகள் நம்மைக் கைவிடுவது குறைவு. நாம் உள்ளே கொடுக்கும் விவரங்கள்தான் பெரும்பாலும் கவிழ்த்துவிடும்.

முதலில் வடிவமைப்பு. ஒரு பாகம் இன்னொன்றுக்குள் அரை மில்லிமீட்டர் நுழைந்திருந்தாலும் துகள் தவறான பொருளுக்குள் பயணிக்கும். மேற்படிதல் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பிறகு ஒவ்வொரு பாகத்தின் எடையையும் நிரலிடம் கேட்டு, தராசு காட்டும் எடையோடு ஒப்பிட வேண்டும். பத்தே நிமிட வேலை, எத்தனையோ பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். திருகு, கேபிள், பற்றவைப்பு ஈயம் போன்ற சில்லறைச் சாமான்களை விட்டுவிடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. தோரியம் தொடரின் தாலியம்-208 தரும் 2,615 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவில், 20 சென்டிமீட்டர் ஈயச் சுவரை மோதாமல் கடப்பது சுமார் 20,000-இல் ஒன்றுதான். டிடெக்டரின் படிகத்தை ஒட்டிய சில கிராம் பற்றவைப்புக்கு முன்னால் அப்படி எந்தச் சுவரும் இல்லை.

அடுத்தது சிதைவுத் தொடர்: யுரேனியம் ஒன்றன்பின் ஒன்றாக வேறு அணுக்களாகச் சிதைந்து செல்லும் வரிசை. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானி தருவது யுரேனியத்தின் அளவு. ஜெர்மானியம் டிடெக்டர் காட்டுவதோ தொடரின் கீழ்ப்பகுதியில் உள்ள ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றின் காமா. உருக்கிச் சுத்திகரித்த பொருளில் தொடரின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சமநிலையில், அதாவது ஒரே வேகத்தில் சிதைந்துகொண்டு, இருக்க வேண்டியதில்லை. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. சுத்திகரிப்பில் அது யுரேனியத்திலிருந்து பிரிந்துபோனால் நம் காலத்தில் சமநிலை திரும்பாது. ரேடான்-222 வாயு என்பதால் நழுவும். அதன் வழித்தோன்றலான ஈயம்-210 பரப்பில் படிந்து, 22 ஆண்டு அரை ஆயுளோடு அங்கேயே தங்கும். ஆகவே தொடரை ரேடியம், ஈயம்-210 ஆகிய இடங்களிலாவது வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே ஓட்டி, அதனதன் அளவீட்டால் பெருக்குவதுதான் நேர்மையான வழி.

நேரத்தையும் நாமேதான் கவனிக்க வேண்டும். யுரேனியத்தைத் தொடக்க அணுவாகக் கொடுத்தால், முழுத் தொடரும் ஒரே நிகழ்வாகப் பதிவாகும். நேரமுத்திரையைப் பார்த்துப் பிரிக்காவிட்டால் கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளியில் நடந்த சிதைவுகளின் ஆற்றலெல்லாம் ஒன்றாகக் கூடிவிடும். எங்கே வெட்டுவது என்பது கருவியைப் பொறுத்தது. பிஸ்மத்-214-க்குப் பின் வரும் பொலோனியம்-214-இன் அரை ஆயுள் 164 மைக்ரோவினாடி. துகள் பட்டதும் மின்னும் ஒளியை அளக்கும் வேகமான சில்லொளிக் கருவி இரண்டையும் தனித்தனியே காணும். மிகக் குளிர்ந்த படிகத்தில் ஏறும் வெப்பத்தை அளக்கும் மெதுவான குளிர் வெப்பமானி ஒரே துடிப்பாகவே காணும். ஜியான்ட்4-இன் புதிய பதிப்புகளில் இன்னொரு கண்ணி: ஓர் ஆண்டுக்கு மேல் வாழும் அணுக்களை நிரல் இயல்பிருப்பில் சிதைப்பதில்லை. வரைபடம் காலியாக வந்தால், வடிவமைப்பைக் கிளறும் முன் இந்த வரம்பை உயர்த்திப் பாருங்கள்.

கணினித் தொகுப்பில் நூறு வேலைகளை ஒரே விதை எண்ணோடு (தற்போக்கு எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) அனுப்பினால் கிடைப்பது ஒரே முடிவின் நூறு நகல்கள். பிழைக்கோடு மட்டும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி அழகாகத் தெரியும். இன்னொன்று, எந்த நிகழ்வும் வரவில்லை என்றால் பின்னணி பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 90 விழுக்காடு நம்பகத்துடன் மேல்வரம்பு 2.3 நிகழ்வு, அதை, ஓட்டிய சிதைவுகள் உண்மையில் நடக்க எடுக்கும் காலத்தால் வகுத்துத்தான் எழுத வேண்டும்.

தரவு வந்ததும் பிஸ்மத்-214-இன் 609, 1,765 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கோடுகளின் விகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குறைந்த ஆற்றல் காமாவைச் சுவர் அதிகம் விழுங்கும். சிமுலேஷன் சொல்வதைவிட 609 ஓங்கியிருந்தால், மூலம் நாம் வைத்த இடத்தைவிட உள்ளே இருக்கிறது. பாகங்களின் அளவுகளை இழுத்துப் பொருத்துவதற்கு முன், சுவருக்கும் கருவிக்கும் இடையே நைட்ரஜன் ஓட்டத்தைக் கூட்டுங்கள். 609-இன் உச்சி தணிந்தால் மூலம் இடைவெளியில் புகுந்த ரேடான். தணியாவிட்டால் திருகுகளைக் கழற்றி அளக்க வேண்டியதுதான்.