தட்டோரத்துக் காரம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குப் போகும்போதெல்லாம் "அங்கே சாப்பாடு எப்படி?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்: உப்புச்சப்பு இருக்காது. சென்ற கோடையில் சித்தியும் அதையே கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, "நீ ஒரு தடவையாவது சமைத்துப் பார்த்தாயா?" என்றார். இல்லை. நான் சாப்பிட்டதெல்லாம் முதலில் வேலை பார்த்த இடத்தின் உணவுக்கூடத்திலும் ரயில் நிலையக் கடைகளிலும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் அடுப்படிக்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றிரவு வெகுநேரம் உறுத்தியது.

அக்டோபரிலிருந்து பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஒரு பிரிட்டிஷ் உணவு என்று முடிவு செய்தேன். விதிகள் இரண்டு. மிளகாய்த்தூளோ மசாலாவோ கூடுதலாகச் சேர்ப்பதில்லை. செய்முறையில் சொன்ன அளவை மாற்றுவதில்லை. மூன்றாவது விதி முதல் வாரமே வந்து சேர்ந்தது.

அக்டோபர் 5. லங்காஷயர் ஹாட்பாட்.

ஆட்டுக் கழுத்துக்கறி 800 கிராம், பெரிய வெங்காயம் 3, உருளைக்கிழங்கு 1 கிலோ. கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயத்தோடு சட்டியில் பரப்பி, எலும்புச் சாறு ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு வில்லைகளை ஓடு வேய்ந்ததுபோல அடுக்கினேன். மூடி போட்டு 160 டிகிரியில் இரண்டு மணி நேரம். பிறகு மூடியை எடுத்து, மேல்பக்கம் முறுகும்வரை இன்னும் நாற்பது நிமிடம். உப்பு, மிளகு, கொஞ்சம் தைம் தழை. வேறு எதுவும் கிடையாது.

வீடெல்லாம் மணத்தது. கறி எலும்பைவிட்டுத் தானே கழன்றது. முதல் நாலு வாய் அருமை. ஐந்தாவது வாயில் நாக்கு மந்தித்துவிட்டது. கொழுப்பும் மாவும் சேர்ந்து ஒரே தடத்தில் போய்க்கொண்டிருந்தன. "சொன்னது சரிதான்" என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கு 82 வயது, பிறந்த ஊர் லங்காஷயர் பக்கம். அவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "சிவப்பு முட்டைக்கோஸ் எங்கே, லவ்?" இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சமையலறைக்குள் போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். சன்னமாக நறுக்கிய சிவப்பு முட்டைக்கோஸை உப்பில் ஒரு ராத்திரி பிசிறி வைத்து, மிளகும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய வினிகரில் ஊறப்போட்டது. "இது இல்லாமல் ஹாட்பாட்டை யார் சாப்பிடுவார்கள்?" என்றார்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சூடாக்கி, அந்தக் கோஸோடு மறுபடி சாப்பிட்டேன். புளிப்பு கொழுப்பை வெட்டிவிட்டது. ஒவ்வொரு வாயும் முதல் வாயாக இருந்தது. ஊறுகாய் வைக்காமல் ஒருவருக்கு வெறும் தயிர்சோற்றைக் கொடுத்துவிட்டுத் தமிழர் உணவு எப்படி என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நான் ஹாட்பாட்டுக்குச் செய்தது அதுதான். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு மூன்றாவது விதியை எழுதினேன்: எதை எதோடு சாப்பிடுகிறார்களோ, அதோடு சாப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது.

நவம்பர் 1 முதல் 5 வரை. பார்க்கின்.

யார்க்‌ஷயரில் நவம்பர் 5 சொக்கப்பனை கொளுத்தும் ராத்திரிக்கான கேக். ஓட்ஸ் ரவை, மாவு, வெண்ணெய், டிரீக்கிள் என்கிற கருத்த சர்க்கரைப்பாகு, நிறைய சுக்குப்பொடி. இறக்கிய அன்று வெட்டிப் பார்த்தேன். செங்கல்போல இருந்தது, சுக்கு தனியாகத் தொண்டையைப் பிடித்தது. காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். நான்கு நாளில் ஓட்ஸ் பாகின் ஈரத்தை வாங்கிக்கொண்டு கேக் முழுவதும் பிசுபிசுவென்று நெகிழ்ந்திருந்தது. சுக்கின் காரம் அடங்கி உள்ளே போயிருந்தது. சப்பென்ற சமையல் என்று பேர் வாங்கிய நாட்டில் சுக்கு இவ்வளவு தாராளமாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 16, 23. கடுகு.

மாட்டிறைச்சி ரோஸ்ட் செய்த இரண்டு வாரங்கள். இறைச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வெப்பமானி வைத்துக்கொண்டால் யாருக்கும் வரும். யார்க்‌ஷயர் புட்டிங், அதாவது மாவையும் முட்டையையும் பாலையும் கரைத்து ஓவனில் பொங்கவிடும் துணை உணவு, சரியாக எழும்பவில்லை. நான்கு அங்குலமாவது எழும்பாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று 2008இல் வேதியியலாளர்களின் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. என்னுடையது முதல் வாரம் இரண்டு அங்குலம். நடுவில் ஓவனைத் திறந்து பார்த்ததுதான் காரணம். அடுத்த வாரம் கொழுப்பைப் புகை வரும்வரை காயவிட்டு மாவை ஊற்றினேன், கதவைத் தொடவில்லை. மூன்றரை.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது கடுகு. ஆங்கிலக் கடுகு என்றால் மஞ்சள் டப்பாவில் வரும் பொடி. நாரிச் நகரத்துக்கு அருகே ஜெரமையா கோல்மன் 1814இல் தொடங்கிய வியாபாரம். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் கசக்கிறது, காரமே இல்லை. மூன்று கிண்ணங்களில் ஒவ்வொரு தேக்கரண்டி போட்டேன். ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், ஒன்றில் கொதிக்கிற தண்ணீர், ஒன்றில் வினிகர். பத்து நிமிடம் காத்திருந்தேன்.

கொதிநீர்க் கிண்ணத்தில் கசப்பு மட்டும் இருந்தது. வினிகரில் மெல்லிய உறைப்பு. குளிர்ந்த தண்ணீரில் குழைத்ததை ஒரு துளி வைத்தேன். நாக்கில் ஒன்றும் தெரியாமல் நேராக மூக்கின் உச்சிக்கு ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரை நிமிடத்தில் சுவடில்லாமல் போயும்விட்டது. காரணம் இதுதான்: கடுகுக்குள் காரம் காரமாக இருப்பதில்லை. மூலப்பொருள் ஓர் அறையிலும் அதை உடைக்கும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. அரைத்துத் தண்ணீர் சேர்த்தால்தான் இரண்டும் சந்தித்துக் காரம் பிறக்கிறது. கொதிநீர் அந்த நொதியைக் கொன்றுவிடுகிறது, வினிகர் அதைக் கட்டிப்போடுகிறது.

இதை எழுதும்போது என் சமையலறை நினைவுக்கு வந்தது. தினமும் கடுகைக் காய்ந்த எண்ணெயில் போட்டு வெடிக்கவிடுகிறோம். நமக்குக் கிடைப்பது மணம். நொதி எண்ணெயிலேயே போய்விடுகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று பழமொழி வைத்திருக்கிறோம். அந்தக் காரத்தை நான் ஆவக்காயில் தவிர வேறெங்கும் ருசித்ததில்லை. அதைக் குளிர்ந்த தண்ணீரில் எழுப்பிப் பத்து நிமிடம் பொறுத்து, மாட்டிறைச்சியின் ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கத் தெரிந்தவர்களைக் காரம் அறியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? இவர்கள் காரத்தைச் சட்டிக்குள் போடுவதில்லை. தட்டோரத்தில் வைத்துக்கொள்கிறார்கள், வேண்டுகிற வாய்க்கு வேண்டுகிற அளவு.

ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கும் அதே கதைதான். துருவத் துருவத்தான் உறைப்பு வருகிறது, சில நிமிடம் விட்டு வினிகர் சேர்த்தால் அந்த நிலையில் நிற்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துத் துருவ வேண்டும். கிழங்கின் தலைப்பகுதியை வெட்டி ஒரு தொட்டியில் நட்டிருக்கிறேன்.

டிசம்பர் 7. காரட், முட்டைக்கோஸ்.

இங்கே சப்பென்ற சமையல் என்ற அந்தப் பெயர் நியாயமானது. 1861இல் வந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல் பெரிய காரட்டுகளை ஒன்றே முக்கால் முதல் இரண்டே கால் மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறது. விதிப்படி இரண்டு மணி நேரம் வேகவிட்டேன். நிறம் தண்ணீரில், இனிப்பு தண்ணீரில், கரண்டியில் வந்தது ஈரப்பஞ்சு. முட்டைக்கோஸை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டதும் கந்தக வாடை மாடிவரை போய்விட்டது. இலைகள் வேக வேக அந்த வாடை கூடும். அம்மையார் வாசலில் நின்றபடியே, "என் பள்ளிக்கூடத்து மத்தியானம்" என்றார், முகம் சுளித்துக்கொண்டு. எதோடு சாப்பிட்டாலும் இதற்கு மீட்சி இல்லை. மூன்றாவது விதியையும் இது தாண்டிவிட்டது.

டிசம்பர் 25. பிரெட் சாஸ்.

வெங்காயத்தில் கிராம்புகளைக் குத்தி, ஜாதிபத்திரி, மிளகோடு பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, ரொட்டித்தூள் போட்டுக் கெட்டியாக்க வேண்டும். ரோஸ்ட் செய்த கோழிக்குத் தொட்டுக்கொள்ள. பார்க்க வெள்ளைக் கூழ், வாயில் வைத்தால் கிராம்பு. ரொட்டியைப் போட்டுக் குழம்பைக் கெட்டியாக்குவது இடைக்காலப் பழக்கம். 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த குறிப்புகளில் இஞ்சி, லவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. எசெக்ஸில் ஓர் ஊருக்கே குங்குமப்பூ விளைச்சலால் சாஃப்ரன் வால்டன் என்று பெயர். இப்படிப்பட்ட நாக்குக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விதான் அடுத்த மாதத்தை எடுத்துக்கொண்டது.

ஜனவரி 8 முதல் 14 வரை. பங்கீட்டு வாரம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரி 8 அன்று பிரிட்டனில் பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் பங்கீடு தொடங்கியது. அதே தேதியில் நானும் தொடங்கினேன். அளவு வருடத்துக்கு வருடம் மாறியது. நான் எடுத்துக்கொண்டது ஒரு பெரியவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு வாரப் பங்கு: பன்றியிறைச்சி 113 கிராம், வெண்ணெய் 57 கிராம், பாலாடைக்கட்டி 57 கிராம், சர்க்கரை 227 கிராம், தேயிலை 57 கிராம், முட்டை ஒன்று, கொஞ்சம் இறைச்சி. உருளைக்கிழங்குக்கும் காரட்டுக்கும் தடையில்லை. வெங்காயத்தை நானாகவே விலக்கினேன். பிரான்சின் பிரிட்டனி, கால்வாய்த் தீவுகளிலிருந்து வந்துகொண்டிருந்த வெங்காயம் ஜெர்மானியர் அவற்றைப் பிடித்ததும் நின்றுபோய், அது பரிசுச் சீட்டுக் குலுக்கலில் வைக்கிற பொருளாகிவிட்டது.

மூன்றாம் நாள் பாலாடைக்கட்டி தீர்ந்தது. ஐந்தாம் நாள் வெண்ணெய். வயிறு காயவில்லை, உருளைக்கிழங்கு இருந்தது. வெங்காயமில்லாத, கொழுப்பில்லாத அந்தக் கிழங்குக் குழம்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: நான் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த உணவுக்கூடத்தில் சாப்பிட்டதன் மூதாதை இது. பங்கீடு போரோடு முடியவில்லை. போர்க்காலத்தில் தடையில்லாமல் கிடைத்த ரொட்டிக்கே 1946 முதல் 1948 வரை பங்கீடு வந்தது. கடைசியாக இறைச்சி விடுபட்டது 1954 ஜூலை 4 அன்று. 1940இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 14 வயது. வீட்டு அடுப்பிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய வயது முழுவதும், கற்றுக்கொள்ள அடுப்பில் ஒன்றும் இல்லை. பால் வளமெல்லாம் அரசாங்கச் செடார் என்ற ஒரே வகைக்குத் திருப்பப்பட்டதால், ஊருக்கொன்றாக இருந்த பண்ணைப் பாலாடைக்கட்டிகளில் பல காணாமல் போயின. 1944 வாக்கில் சுமார் 15 லட்சம் அமெரிக்கப் படையினர் இந்தத் தீவில் இருந்தார்கள். அவர்கள் ஊருக்கு எடுத்துப்போன நினைவு இந்த வருடங்களின் சாப்பாடு. சப்பென்ற சமையல் என்ற பெயர் உலகமெங்கும் பரவியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அம்மையாரிடம் கேட்டேன். 1953 பிப்ரவரியில் மிட்டாய்ப் பங்கீடு நீங்கியது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அம்மாவுக்கு நல்லாகச் சமைக்கத் தெரியும். ஆனால் அவர் சமைத்து நான் பார்த்ததில்லை, லவ்" என்றார். நான் அன்று வேறெதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15. இறைச்சி உருளைக்கிழங்கு பை.

மேலே மாவு மூடி போட்டு ஓவனில் சுட்ட பதார்த்தம். ஷெஃபீல்டில் இதற்கு மேல் ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் ஊற்றாமல் யாரும் சாப்பிடுவதில்லை. 1885 முதல் இந்த ஊரில் தயாராகும் கறுப்புச் சாறு. ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டிய அந்த பாட்டில் மீன் வறுவல் கடைகளில் ஒன்பது வருடமாக என் கையெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறது. இப்போதுதான் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். வினிகர், சர்க்கரை, கிராம்பு, பூண்டு எண்ணெய், மிளகாய். நடுவில் புளி. வூஸ்டர் சாஸிலும் புளி உண்டு, அதில் நெத்திலியும் சேரும். அன்று பையை இரண்டு துண்டு சாப்பிட்டேன், இரண்டாவது துண்டு சாற்றில் மிதந்தது. புளி விட்ட குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அது என்ன ருசி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 1. பிக்கலில்லி.

காலிஃபிளவர், சின்ன வெங்காயம், பீன்ஸ் ஆகியவற்றை ஓர் இரவு உப்பில் வைத்துக் கழுவி, மஞ்சள், கடுகுப்பொடி, இஞ்சி, வினிகர் சேர்த்த கெட்டிச் சாந்தில் கலந்தேன். இந்திய ஊறுகாயைப் போலச் செய்ய முயன்ற 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வீடுகளில் உருவானது. கடுகைச் சூட்டில் போடுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் எழுப்பி, சாந்து ஆறிய பிறகு ஒரு கரண்டி தனியாகவும் கலந்திருக்கிறேன். செய்முறையில் அது இல்லை, இரண்டாவது விதியை மீறியிருக்கிறேன். உறைப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் ஊற வேண்டுமாம். இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் "ஏப்ரல் 12" என்று எழுதி ஒட்டி, ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். தொட்டியில் ஹார்ஸ்ரேடிஷ் நான்கு இலை விட்டிருக்கிறது.