ஆடிக் காற்றும் என் இடது கண் லென்ஸும்

எனக்குக் கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து கூம்பு மாதிரிப் புடைத்துக்கொள்ளும் நோய். இடது கண் லென்ஸை மாற்ற, உசிலம்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, பத்தரை மணிக்கு கருவிழியின் வடிவத்தை அளக்கும் டோபோகிராபி மெஷினில் தாடையை வைத்தேன். அங்கிருந்த பெண், "லென்ஸ் போடுவீங்களா சார்? கடைசியா எப்பப் போட்டீங்க?" என்றார். நேற்று ராத்திரி வரைக்கும் என்றேன். "அப்ப இன்னிக்கு எடுக்க முடியாது. ரெண்டு வாரம் போடாம இருந்துட்டு வாங்க."

இத்தனைக்கும் முதல் நாளே போன் பண்ணிக் கேட்டிருந்தேன். "பழைய ஃபைலை எடுத்துட்டு வாங்க, போதும்" என்று வைத்துவிட்டார்கள். நான் போட்டிருந்த ஆர்ஜிபி போன்ற கெட்டி லென்ஸ் கருவிழி மேலேயே உட்கார்ந்து அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். கழற்றிய பிறகு அது பழைய நிலைக்கு வர நாள் பிடிக்கும். அதற்குள் ஸ்கேன் எடுத்தால், அந்த அளவை நம்பிச் செய்கிற புது லென்ஸும் தப்பாகப் போகும். அவர்கள் செய்தது சரிதான். போனிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். நீங்கள் போன் பண்ணினால், "லென்ஸை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?" என்று நேராகவே கேளுங்கள்.

அந்த இரண்டு வாரம் பைக்கைத் தொடவில்லை. கெரட்டோகோனஸ்காரர்களுக்குத் தெரியும்: ஒரு பல்பு நாலாகி, ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்கும். வலது கண் கண்ணாடி போட்டால் ஓரளவு தேறும், இடது கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் கிடையாது. நான் வேலை பார்ப்பது செக்கானூரணியில் ஒரு உரக்கடையில். 38 மூட்டையை 33 என்று பில் போட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த இரண்டு வாரத்தில்தான்.

ஆர்ஜிபியை ஏன் மாற்றப் போனேன்? அதை ஒரு லென்ஸ் கடையில், ஏசி அறையில் வைத்து மாட்டினார்கள். சார்ட்டில் 6/9 வரை படித்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். என்ன வேலை, எதில் போய் வருகிறாய் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும் தெரிந்தது. அந்த லென்ஸ் கருவிழியைவிடச் சின்னது, இமைக்கும்போதெல்லாம் லேசாக நகரும், நகரவும் வேண்டும். பைக்கில் வரும்போது அந்த இடுக்கில் ஒரு பொடி மண் நுழைந்தால் கண்ணுக்குள் முள் தைத்த மாதிரிதான். ரோட்டோரம் நிறுத்திக் கண்ணீர் வடித்தேன். இரண்டு முறை லென்ஸே தெறித்து விழுந்தது. முதல் முறை சட்டைப் பையில் கிடைத்தது. இரண்டாம் முறை புழுதியில் போனது போனதுதான். இன்னொன்று வாங்க லென்ஸ் கடைக்காரரிடம் போனால், "பழகிடும் தம்பி" என்றார்.

மறுபடி போனபோது ஸ்கேன் ஒரே நிமிடத்தில் முடிந்தது. 22 வயதில் சி3ஆர் (கருவிழியைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை) செய்த ஃபைல் இருந்ததால் பழைய படத்தோடு ஒப்பிட்டு, கூம்பு மேற்கொண்டு கூடவில்லை என்றார்கள். சி3ஆர் செய்தால் பார்வை தெளிவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மேலும் கெடாமல் பிடித்து நிறுத்தத்தான், பார்வைக்கு லென்ஸ்தான்.

இந்த முறை உரக்கடை, பைக், தூசி எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஸ்கிளீரல் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அது பெரிது. வெள்ளை விழியில் உட்காரும், கருவிழியைத் தொடாது, இடையில் சலைன் நிற்கும். விலை ஆர்ஜிபியைப் போலப் பல மடங்கு. போட்டுப் பார்த்த முதல் லென்ஸ் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் ஓரம் அழுத்தி ஒரு மணி நேரத்தில் கண் சிவந்துவிட்டது. இரண்டாவதைப் போட்டதும், "கொஞ்சம் வெளியே போய் நின்னுட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விட்டார்கள். மெயின் ரோட்டில், பஸ் கிளப்பிய புழுதிக்கு நடுவே ஒரு டீ குடித்தேன். ஒன்றும் உறுத்தவில்லை. இந்த லென்ஸ் நேரமாக ஆகக் கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். அதனால் போட்ட உடனே பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டுவதுதான் பெரும்பாடு. முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜையில் படுக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கக் குனிந்து, விளிம்பு வரை சலைன் ததும்பும் லென்ஸை பிளஞ்சர் என்கிற சின்ன ரப்பர் உறிஞ்சியில் ஏந்திக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். துளிக் காற்றுக்குமிழி உள்ளே போனாலும் மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் தினமும் நாற்பது நிமிடம் ஆனது. கழற்றும்போது பிளஞ்சரை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து நெம்ப வேண்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, கண்ணையே பேர்த்து எடுக்குற?" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

சலைன் தீர்ந்த அன்று மெடிக்கலில் கேட்டேன். "லென்ஸ் தண்ணிதானே" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார். நானும் படிக்காமல் ஊற்றி மாட்டினேன். சாயங்காலம் வரை எரிச்சல். அது கழுவுகிற சொல்யூஷன். உள்ளே நிரப்ப ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சலைன்தான் வேண்டும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரைத் தொட்டுவிடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா கிருமி கருவிழியையே தின்றுவிடும்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் லென்ஸுக்குள் புகை படர்ந்த மாதிரி மங்கும். கழற்றி, புது சலைன் ஊற்றி மாட்டினால் சரியாகிவிடும். கடையில் யாராவது என்னைத் தேடினால், "அவன் கண்ணு கழுவப் போயிருக்கான், பத்து நிமிஷம் உட்காருங்க" என்கிறார் முதலாளி.