மலை மேல் ஒரு ரவுட்டர்: எந்த ஓட்டையில் எந்த வயர்?

சேலத்தில் ஆலைகளுக்குப் பேனல் வயரிங், மீட்டர், சென்சார் வேலை செய்து கொடுப்பது எங்கள் தொழில். பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைகள்தான். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருந்து வேலை வந்தது. பள்ளத்தில் ஓடும் பம்பையும் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் சேலத்தில் உட்கார்ந்தபடியே போனில் பார்க்க வேண்டும். அதற்காக சிம் போடுகிற தொழிற்சாலை ரக ரவுட்டர் ஒன்றை வாங்கினோம். கனமான உலோகப் பெட்டி, வீட்டு ரவுட்டரில் இல்லாத ஏகப்பட்ட ஓட்டைகள். செட்டிங் போடுவதை எல்லோரும் வீடியோவில் காட்டுகிறார்கள். எந்த ஓட்டையில் எந்த வயர், ஏன் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. வேலையின் பெரும்பகுதி அதில்தான் போயிற்று.

முதலில் முதலாளியின் ஆசை ஒன்றை உடைக்க வேண்டியிருந்தது. முரட்டு ரவுட்டர் என்று சொல்லி விற்றதால் அதை ஷெட்டுக்கு வெளியே சுவரிலேயே மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் ஐபி-30 என்று போட்டிருந்தது, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண் அது. அதில் இரண்டாவது இலக்கம் தண்ணீரைப் பற்றியது. பூஜ்யம் என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வெயிலையும் அதிர்வையும் தாங்கும், ஏற்காட்டுப் பனிமூட்டத்தைத் தாங்காது. அதனால் ரப்பர் பீடிங் போட்ட பேனல் பெட்டிக்குள், பேனல் சாமான்களை மாட்டுவதற்கான 35 மி.மீ. டின் ரெயில் பட்டையில் மாட்டினோம். வயர் எல்லாம் அடிப்பக்கத்து கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கிற மூடி) வழியாகத்தான் உள்ளே வரும். மேல்பக்கம் ஓட்டை போட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் இறங்கிவிடும். காலியாக இருக்கிற கிளாண்டையும் அடைத்தாயிற்று, பல்லிக்குப் பேனல் என்றால் அவ்வளவு பிரியம்.

பவர் விஷயம் சுலபம். வீட்டு ரவுட்டரில் உருண்டை பின் அடாப்டர் சொருகுவோம் இல்லையா, பம்பு அதிரும் இடத்தில் அது தானாகவே தளர்ந்துவிடும். இதில் ஸ்குரூ வைத்த பச்சை டெர்மினல் பிளாக். 9 முதல் 36 வோல்ட் டிசி வரை ஏற்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. ஏசி கரண்டை டிசியாக்கித் தருகிற 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் போட்டு, வயர் நுனியில் ஃபெரூல் (சின்ன உலோகக் குழாய்) அடித்து ஸ்குரூவை முறுக்கினேன். மலையில் கரண்ட் ஏறி இறங்கும், அதையெல்லாம் எஸ்எம்பிஎஸ் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்திலேயே எர்த் குறி போட்ட ஒரு சின்ன ஸ்குரூ இருந்தது. பல பேர் அதைத் தொடுவதே இல்லை. சேர்வராயன் மலையில் ஏப்ரல், மே கோடை மழை இடி எப்படி இறங்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் அந்த ஸ்குரூவை நல்ல தடிமனான பச்சை வயரில் பேனலின் எர்த் பட்டைக்கு இழுத்தேன். எர்த் குழி வெட்டுவதுதான் பெரும்பாடு. கொஞ்சம் தோண்டினாலே பாறை. கடைசியில் தொட்டிக்குக் கீழே ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து எஸ்டேட் ஆட்களே வெட்டிக் கொடுத்தார்கள்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல். பம்பு ஷெட் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே போன் டவர் சுத்தமாக எடுக்காது. தொட்டிப் பக்கத்து ஸ்டோர் ரூமில் சுமாராக எடுக்கும். இரண்டுக்கும் நடுவே கேபிள் போகிற வழியில் 300 மீட்டருக்கும் மேல். லேன் கேபிள் 100 மீட்டர்தான் தாங்கும், அது கதைக்கு ஆகாது. ரவுட்டரில் ஃபைபருக்கான எஸ்எஃப்பி ஓட்டையும் இருந்தது. இடிக்கு பயமில்லாத வழி அதுதான், என்னைக் கேட்டால் அதையே போட்டிருப்பேன். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஆர்எஸ்-485, முறுக்கிய ஒரு ஜோடி வயரில் தூரத்துக்கு டேட்டா அனுப்புகிற சீரியல் லைன். குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீட்டர் வரை போகும். பம்பின் டிரைவும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) எனர்ஜி மீட்டரும் ஆலைக் கருவிகளின் பொது மொழியான மோட்பஸ் பேசுவதால் ஒரே ஜோடி வயரில் இரண்டும் வந்துவிடும். இரண்டு முனையிலும் இடியால் வரும் திடீர் வோல்ட்டைத் தடுக்க சர்ஜ் அரெஸ்டர் வைத்தோம்.

இங்கேதான் நேரம் தின்றது. ஏ, பி என்று இரண்டு முனை. ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி என்று மாட்டினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். தீராது. எது ஏ என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கருத்து வேறுபாடு. ஒருவர் பிளஸ்ஸை ஏ என்பார், இன்னொருவர் மைனஸ்ஸை. லைனைக் கழற்றி வைத்துவிட்டு, ரவுட்டர் சும்மா நிற்கும்போது பொது முனையில் இருந்து மல்டிமீட்டரில் அளந்தேன். இந்த ரவுட்டரில் ஏ பக்கம்தான் வோல்ட் கூடுதலாக நின்றது, அதாவது அதுதான் பிளஸ். டிரைவில் ஏ, பி இல்லை, நேராக பிளஸ், மைனஸ் குறிதான். ஏ-வைப் பிளஸ்ஸில் போட்டதும் டிரைவ் உடனே பேசியது. மீட்டர் வாய் திறக்கவில்லை. அதில் அச்சடித்திருந்த ஏ, பி நேர் தலைகீழ். அதன் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் போட்டதும் வோல்ட், ஆம்பியர் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, பேசாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, மூன்றாவது வயர். எஸ்டேட் எலக்ட்ரீசியன் அண்ணன், "ரெண்டு வயர் லைன்தானே தம்பி, எதுக்கு மூணு?" என்று கேட்டார். மேட்டில் ஒரு எர்த், பள்ளத்தில் ஒரு எர்த், இரண்டும் ஒரே வோல்ட்டில் நிற்கும் என்று நம்ப முடியாது. ஆர்எஸ்-485 சிப் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரையான வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். அதற்கு மேல் போனால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, ஒரு நாள் சிப்பே போய்விடும். அதனால் முறுக்கிய ஜோடியோடு ஒரு பொது வயரும் போகவேண்டும். கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றிய உலோக உறை) ரவுட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்தோம். நாங்கள் வைத்த 9600 பிட் வேகத்துக்கு, லைன் முனையில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கிற 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இல்லாமலும் ஓடியிருக்கும், இருந்தாலும் லைனின் இரு முனையிலும் போட்டுவிட்டேன்.

ஆன்டெனாவில் ஒரு வேடிக்கை. ரவுட்டர் முகத்தில் இரண்டு சிம் ஆன்டெனா ஓட்டை, ஒரு வைஃபை ஓட்டை. மூன்றிலும் மரை ஒன்றே, எதை எதில் வேண்டுமானாலும் திருகலாம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: சிம் பக்கத்து எஸ்எம்ஏ-வின் நடுவில் துளை, வைஃபை பக்கத்து ஆர்பி-எஸ்எம்ஏ-வின் நடுவில் ஊசி. ஆன்டெனாக்களில் அப்படியே மாறியிருக்கும். வைஃபை ஆன்டெனாவை சிம் பக்கம் திருகினால் துளையும் துளையும் பார்த்துக்கொண்டு நிற்கும், தொடவே தொடாது. சிம் ஆன்டெனாவை வைஃபை பக்கம் திருகினால் ஊசியோடு ஊசி மோதி வளைந்துவிடும். எனவே டார்ச் அடித்துப் பார்த்துத்தான் மாட்டினேன். இரும்புப் பேனலுக்குள் ஆன்டெனா இருந்து பிரயோஜனம் இல்லை. வெளி ஆன்டெனாவை ஸ்டோர் கூரையோரக் கம்பத்தில் ஏற்றியதும் சிக்னல் மைனஸ் 113 டிபிஎம்-இல் இருந்து மைனஸ் 97-க்கு வந்தது, பூஜ்யத்தை நோக்கி வர வர சிக்னல் பலம். கேபிளை எவ்வளவு குட்டையாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. மெல்லிய கேபிளை நீளமாக இழுத்தால் கம்பத்தில் சேர்த்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும்.

லேன் ஓட்டைகளில் சொல்ல அதிகம் இல்லை. அவற்றை ஒட்டி அதே ஆர்ஜே-45 வடிவத்தில் கன்சோல் என்று ஒன்று இருக்கும். அது ரவுட்டரை செட் செய்வதற்கான சீரியல் ஓட்டை, நெட்வொர்க் அதில் வராது. கேமரா மாட்ட வந்தவர் அதில் சொருகிவிட்டு, கேமரா பழுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு ரப்பர் மூடி போட்டுவிட்டேன். இந்த ரவுட்டர் லேனில் பவர் தராது, ஆகவே கேமராவுக்கு லேன் கேபிளிலேயே பவரும் ஏற்றித் தருகிற தனி பிஓஇ இன்ஜெக்டர்.

ஏற்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் உபரி டெர்மினல் பிளாக், ஃபெரூல், எஸ்எம்ஏ கனெக்டர், சிம் தட்டைத் தள்ளுகிற ஊசி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறவேண்டும்.

தண்ணீர் மட்டத்துக்கு ஏற்ப ஆன், ஆஃப் ஆகிற தொட்டியின் ஃபுளோட் சுவிட்சை ரவுட்டரின் டிஜிட்டல் இன்புட்டில் கொடுத்தோம். இந்த மாடலில் வெறும் காண்டாக்ட் போதும், வெளியிலிருந்து வோல்ட் கொடுக்க வேண்டியதில்லை. எல்லா மாடலும் அப்படி இல்லை, மேனுவலைப் பாருங்கள். அவுட்புட்டில் மட்டும் எலக்ட்ரீசியன் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பழைய ஸ்டார்டரில் ஓடும் இன்னொரு பம்பின் காயிலை நேரடியாக அதில் கொடுத்துவிடலாம் என்றார். ரவுட்டரின் அவுட்புட் 30 வோல்ட் டிசிக்கானது, ஸ்டார்டர் காயில் 415 வோல்ட். நடுவில் 24 வோல்ட் ரிலே ஒன்றும், அது இழுக்கிற கான்டாக்டர் (பெரிய வோல்ட்டைத் தாங்கும் சுவிட்ச்) ஒன்றும் வைத்துத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். சாமான் சேலத்தில் சொல்லியிருக்கிறது. அது வரும்வரை அந்தப் பம்பைக் கையால்தான் போடுகிறார்கள்.